ஃபுட்பேக் ஆட்டமும் முழங்காலும்

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவந்த ஒருவரின் கால் வலுப்பெறுவதற்கென்றே வளர்ந்த ஓர் ஆட்டம், முழங்காலைக் கெடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்புவது கடினந்தான். ஆயினும் ஃபுட்பேக்கைப் பற்றி இந்த இரண்டு பேச்சும் வழங்குகின்றன, இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. 1972-ஆம் ஆண்டில், அமெரிக்க தேசத்து ஆரிகன் மாகாணத்தில், ஆரிகன் சிட்டி என்னும் ஊரில், மைக் மார்ஷல் என்பவர் கையால் தைத்த சிறு பையொன்றைக் காலால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருக்க, முழங்காலுக்குத் தகுந்த அப்பியாசம் தேடிக்கொண்டிருந்த ஜான் ஸ்டால்பெர்கர் அதைக் கண்டு தாமும் சேர்ந்துகொண்டார். நாம் ஃபுட்பேக் என்னும் அந்த ஆட்டத்துக்கு இருவரும் ‘ஹேக்கி சாக்’ என்று பெயரிட்டார்கள். மார்ஷல் 1975-இல், 28 வயதிலேயே, மாரடைப்பால் காலமாகிவிட, ஸ்டால்பெர்கர் தனியாகவே ஆட்டத்தைப் பரப்பி, 1983-இல் ஃபிரிஸ்பீ தட்டுக்குப் பேர்போன வாமோ கம்பெனியாருக்கு அதன் உரிமையை விற்றார்.

உள்ளங்கையில் அடங்கும் பை. அதனுள் மணலோ, பிளாஸ்டிக் மணிகளோ. கை படாமலும் தரையில் விழாமலும் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். எதிராளி வந்து மோதுவதில்லை, பையின் கனமோ சில பத்து கிராம்களே. ஆகவே பை பட்டு அடிபட்டவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது துர்லபம். இந்த ஆட்டத்தில் உண்டாகும் உபாதை எல்லாம் ஆடுகிறவருடைய அசைவிலிருந்தே பிறப்பது. 1997-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டெட் மார்ட்டின் என்ற அமெரிக்கர், பை ஒரு முறையும் கீழே விழாமல் 63,326 தடவை உதைத்தார்; அதற்கு அவருக்கு 8 மணி 50 நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பிடித்தது. வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு உதை என்று கணக்காகிறது. அசைவில் இம்மியளவு பிசகு இருந்தாலும், அந்தப் பிசகும் அத்தனை ஆயிரம் தடவை அல்லவா திரும்பத் திரும்ப நிகழும்?

புதிதாக ஆடுகிறவர் முதலில் கற்பது உட்புற உதை. பாதத்தின் உட்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி காலைத் தூக்கி, அந்தத் தட்டையான இடத்தில் பையை ஏந்தித் தட்ட வேண்டும். சம்மணம் கூட்டி உட்காரும்போது கால் எந்தக் கோலத்தில் மடிகிறதோ, ஏறத்தாழ அதே கோலந்தான் இது, நின்றுகொண்டு ஒரு காலில் மட்டும் செய்வது என்பதே வித்தியாசம். இந்தத் திருப்பம் எங்கிருந்து வரவேண்டும் என்பதில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பின் குழிக்குள் பொருந்தியிருப்பதால், அந்த மூட்டு எப்பக்கமும் சுழலும். முழங்காலோ முக்கியமாக மடங்கவும் நிமிரவும் அமைந்தது. மடங்கிய நிலையில் சிறிது திரும்பும், அதற்கு மேல் இசையாது. இடுப்பு மூட்டு இறுகிப்போனவர் தொடையை வெளிப்புறம் திருப்ப இயலாமல், தொடையை நேராக வைத்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே உள்ள பாகத்தை மாத்திரம் இழுத்து மேலே கொண்டுவருகிறார். பாதம் எப்படியோ பைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது, உதையும் விழுகிறது. பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. உள்ளேயோ, எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும், நாம் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்புத் தகடுகளும் ஒவ்வோர் உதைக்கும் முறுக்குண்கின்றன. முழங்காலில் வலி என்று வருகிறவரிடம் இடுப்பைக் கவனிக்கச் சொன்னால் அவருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

உதைக்கும் காலைக் கவனிப்பவர் பலர். ஊன்றிய காலைக் கவனிப்பவர் சிலரே. தேகத்தின் பாரம் முழுவதையும் அந்தக் கால் ஒன்றே தாங்குகிறது. அதை விறைப்பாக நீட்டி நின்றால், எட்டாத பைக்காக முதுகு வளைகிறது, இடுப்பு ஒருக்களிக்கிறது. அதையே சற்று மடக்கி, பை இறங்கும்போது தாமும் இறங்கி எழுந்தால், தொடைத் தசைகள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ‘கிளிப்பர்’ என்னும் வித்தையில், உதைக்கும் கால் ஊன்றிய காலுக்குப் பின்புறமாகக் குறுக்கே போய், பாதத்தின் உட்புறத்தில் பையைத் தாங்கி நிறுத்துகிறது. காண அழகானது, ஊன்றிய காலுக்கோ கடுஞ்சோதனை. உடல் ஒரு பக்கம் திரும்ப, தரையைப் பற்றிக்கொள்ளும் காலணியின் ரப்பர் அடிப்பாகத்தினால் பாதம் அசைய மறுத்தால், நடுவில் அகப்பட்ட முழங்கால்தான் திருகுண்ணும். வழவழப்பான தரையும் ஆகாது, பசைபோல் ஒட்டும் செருப்பும் ஆகாது. பாதம் வேண்டியபோது சுழல இடங்கொடுக்கும் காலணியே உசிதம்.

வலக்காலால் மட்டும் ஆடுவது இன்னொரு பொதுவான பழக்கம். இடக்கால் எப்போதும் ஊன்றுகோலாகவே நின்று, இரண்டு கால்களுக்கும் வலுவிலும் வளைவிலும் பேதம் உண்டாகிறது. மணிக்கணக்காகக் குனிந்து பையையே பார்த்திருப்பதால் பிடரி பிடித்துக்கொள்வதும் உண்டு, அது சில நாளில் தானே சரியாகிவிடும். ஐந்து பத்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் விஷயத்தை இங்கே விஸ்தரிக்கத் தேவையில்லை. வாலிபர்கள் அதைக் கேட்பதுமில்லை.

வலைக்கு இரு புறமும் நின்று ஆடும் ஃபுட்பேக்கில் சங்கதி வேறு. ஐந்தடி உயர வலைக்கு மேலே காலை வீசித் துள்ளியடிக்கும்போது, தொடையின் பின்தசையும் கவட்டுத் தசையும் இழுபட்டுக் கிழியலாம். இறங்கும்போது கணுக்கால் பிசகலாம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஆடும் செபாக் தக்ராவிலும் இதே அபாயம் இன்னும் அதிகமாக உண்டு. அங்கே ஆட்டக்காரர் அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டல்லவா பந்தை அடிக்கிறார்!

முதல் வாரத்துத் தொடைவலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பழகாத தசை அப்படித்தான் முனகும். முழங்காலின் உட்புறத்தில் ஒரே புள்ளியில் குத்துகிற வலியானால் ஆட்டத்தைச் சில நாள் நிறுத்தி, உதையின் திருப்பம் தொடையிலிருந்து வருகிறதா என்று பிறர் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, தைலம் தடவிக்கொண்டு காத்திராமல் எலும்பு வைத்தியரிடம் அன்றே போய்க் காட்டுவதுதான் முறை.