தள்ளி நின்று கேட்கிறேன்

இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று இரண்டு நண்பர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். ராகம், வித்வான், எந்த வருஷத்துக் கச்சேரி என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போட முடியவில்லை. ஒரு வருஷமாக என் குறிப்பு நோட்டில் ராகங்களைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் இருக்கின்றன. எவ்வளவு தூரத்தில் நின்றேன், எவ்வளவு நேரம், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருந்தது, இப்படி. காரணம் ஒரு காகிதம். அதற்கு ஆடியோகிராம் என்று பேர்.

எனக்கு வயது 56. வீட்டில் டிவி சத்தத்தைப் பற்றி இரண்டு வருஷமாகவே சண்டை. அதைக்கூட விட்டுவிடலாம். கச்சேரியில் "பாட்டு நல்லா கேக்குது, சாகித்யம்தான் பிடிபடல" என்று நானே சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சோதனைக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஸ்தாயியாக, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கிறார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 2,000 வரை எனக்குப் பழுதில்லை. அதற்கு மேல் கோடு சரிகிறது. 4,000 ஹெர்ட்ஸில் வலது காதுக்கு 35 டெசிபல், இடது காதுக்கு 45. இந்தக் கணக்கில் எண் கூடக் கூடக் கேள்வித்திறன் குறைவு என்று அர்த்தம். பெரும்பாலும் வயசுதான், இனிமேல் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

ஏன் 'காப்பாற்றிக்கொள்ளுங்கள்', ஏன் 'சரியாகிவிடும்' இல்லை? உள்செவியில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் வரிசையாக மயிரிழை செல்கள்: உள் வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளி வரிசைகளில் 12,000 சொச்சம். பிறக்கும்போது கிடைத்த சரக்கு இவ்வளவுதான். பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கின்றன, நமக்கு முளைப்பதில்லை. சுருளின் வாசலில் உயர்ந்த ஸ்வரங்களுக்கான இடம், உள்ளே போகப் போகக் கீழ் ஸ்வரங்கள். வாசலில் இருப்பவைதான் முதலில் தேய்கின்றன.

இதனால் சங்கீதத்தில் என்ன போய்விடும் என்று முதலில் பயந்தேன். ராகம் போகாது. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிற ஆண் குரலின் மத்ய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் அதற்கு இரண்டு மடங்கு. பாடகர் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் ஸ்வரத்தின் அடிநாதம் என் காதின் பழுதில்லாத பகுதிக்குள்ளேயேதான் இருக்கிறது. அதனால் கமகமும் ஸ்ருதிசுத்தமும் அப்படியே கிடைக்கின்றன. போவது மேலே படிகிற மினுமினுப்பு. தம்பூராவில் குதிரைக்கு மேல் நூல் வைத்து ஜீவா கூட்டுகிறார்களே, அந்த ரீங்காரம் முழுக்க மேல் அடுக்கு நாதங்கள்தான். எனக்கு அது இப்போது கொஞ்சம் போர்வை போர்த்திய மாதிரி. கஞ்சிராவின் சலங்கை, மோர்சிங்கின் விளிம்பு, இவையும் அப்படியே. மெய்யெழுத்துகளும் போகின்றன. 'ச', 'ஸ', 'ஷ' போன்றவற்றைப் பிரித்துக் காட்டுகிற காற்றுச் சத்தம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. உயிரெழுத்து கீழே, மெய்யெழுத்து மேலே. அதனால்தான் பாட்டு கேட்கிறது, வார்த்தை புரிவதில்லை.

இன்னொன்று, இது வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். மெல்லப் பேசினால் தாத்தா "என்னது?" என்பார். கொஞ்சம் உரக்கச் சொன்னால் "ஏன்டா கத்துற?" என்பார். வீம்பு என்று நினைப்போம். வெளி வரிசை செல்களின் வேலை மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. அவை போனால் மெல்லியது கேட்காது, ஆனால் உரத்த ஒலி பழைய உரப்போடேயே வந்து விழும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. எங்கள் வீட்டு டிவி சண்டைக்கும் தீர்ப்பு இதுதான்: இரண்டு கட்சியுமே சரி.

இந்த விஷயத்தில் ஒரு ஆறுதலும் உண்டு. மத்திய அலை வானொலி ஒலிபரப்பில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். அதில் ஒலிக்குக் கிடைப்பது பாதி, ஏறக்குறைய 4,500 ஹெர்ட்ஸ். ராத்திரி ஒன்பதரை மணிக் கச்சேரி என்று திருச்சி வானொலியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்த தலைமுறை முழுவதும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் சங்கீதம் படித்தது. 78 சுற்று இசைத்தட்டுகளின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். மேல் அடுக்குகள் அவற்றில் சொற்பம். ஆகவே டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கும்போது எனக்கும் இருபது வயதுப் பையனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன மழைக்காலம் முழுக்க நான் பழைய தட்டுகளுக்கே திரும்பிப் போனதில் இந்தச் சமாதானமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைப்பானேன்.

சரி, வெளியே போய்க் கேட்பதற்கு வருவோம். நெய்வேலிக்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம், சிதம்பரம் பக்கம். வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் கீழ வீதியில் நிற்கலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் தேர். சுவாமி வெளியே வரும்போது மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டை ராகம், வார்த்தை கிடையாது, ஜதிக்கோவைதான் அதன் உடம்பு. அதையே காலம் மாற்றி மாற்றி வாசிக்கும்போது கூட்டத்தின் நடையே மாறுவதைப் பார்க்கலாம். சாகித்யம் பிடிபடாத காதுக்கு சாகித்யமே இல்லாத இசையைவிட என்ன வேண்டும்?

ஆனால் நாகஸ்வரமும் தவிலும் நான்கு வீதிக்குக் கேட்பதற்காகப் பிறந்தவை. மைக் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊரைக் கூப்பிட்ட வாத்தியங்கள். நாங்களோ தவிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, வித்வானின் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்பதைப் பக்தி மாதிரி வைத்திருந்தோம். இனி அது எனக்குக் கட்டுப்படியாகாது. கணக்கைச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. பத்து கூடினால் பத்தில் ஒன்று, இருபது கூடினால் நூற்றில் ஒன்று. தவிலுக்கு 2 மீட்டர் தள்ளி 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கான மொத்தப் பங்கும் 24 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரிலிருந்து 4, 8, 16 என்று மூன்று தடவை இரட்டித்தால் 18 டெசிபல் குறைந்து 82. இப்போது வாரத்துக்கு 25 மணி நேரம் கிடைக்கிறது. வீதியின் இரண்டு பக்கச் சுவர்களும் கூட்டமும் இந்த எண்ணைக் கொஞ்சம் அசைக்கும், ஆனால் திசை மாறாது. பதினாறு மீட்டர் என்பது என்ன, பெரிய நடையாக வைத்தால் இருபது எட்டு.

தவில் விஷயத்தில் இன்னொரு நுட்பம். உரத்த ஒலி வந்தால் நடுச்செவியில் உள்ள ஒரு குட்டித் தசை இறுகி, உள்ளே போகிற ஒலியைக் கொஞ்சம் தணிக்கும். உடம்பே கொடுத்திருக்கிற பாதுகாப்பு. ஆனால் அது வேலையை ஆரம்பிக்கச் சில பத்து மில்லி வினாடிகள் பிடிக்கும். விரலில் கெட்டிக் கூடு மாட்டி வலந்தலையில் அடிக்கிற அடி அதற்குள் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். கதவைச் சாத்துவதற்குள் விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்தாயிற்று.

தள்ளி நிற்பது வைத்தியம் என்றுதான் தொடங்கினேன். போகப் போக, தள்ளி நின்றால்தான் வாசிப்பே ஒழுங்காகக் கேட்கிறது என்று தெரிந்தது. இதற்கும் கணக்கு இருக்கிறது. கூட்டத்தில் நெருங்கினால் பெரும்பாலும் தவில்காரர் பக்கம்தான் இடம் கிடைக்கும். தவில் 2 மீட்டர், நாயனம் 5 மீட்டர் என்றால், தூர வித்தியாசத்தால் மட்டுமே தவிலுக்கு 8 டெசிபல் சலுகை. பதினாலு மீட்டர் பின்னால் போனால் 16க்கு 19. சலுகை ஒன்றரை டெசிபலாகச் சுருங்கிவிடும். அப்போதுதான் நாயனத்தின் இழைப்பு, தவிலின் சொல், ஒத்தின் ஸ்ருதி மூன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்காருகின்றன. பக்கத்தில் நின்ற இத்தனை வருஷமும் நான் கேட்டது தவில் கச்சேரி, பின்னணியில் கொஞ்சம் நாயனம். வீதி உலாவுக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட பெரியவர்கள் சோம்பேறிகள் இல்லை போலிருக்கிறது.

கல்யாண மண்டபம் இதற்கு நேர் எதிர். ஊரைக் கூப்பிடும் வாத்தியத்தை டைல்ஸ் பதித்த நாலு சுவருக்குள் அடைத்து, அதற்கு முன்னால் மைக்கும் வைக்கிறார்கள். மூடிய கூடத்தில் தூரம் போனாலும் சத்தம் வெளியில் குறைகிற மாதிரி குறையாது, எதிரொலி நிரப்பிவிடும். சனங்கள் அதற்கு மேல் கத்திப் பேசுகிறார்கள். இரைச்சலில் குரல் தானாக உயர்வதை 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தார், அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. பேச்சு உயர்ந்ததும் மைக்காரர் இன்னும் ஏற்றுவார். கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே எனக்குத் தலைவலி வந்துவிடும். நாகஸ்வரம் இரைச்சல் என்று புதுத் தலைமுறை நினைப்பதற்கு இந்த மண்டபங்கள்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

சபாக் கச்சேரிகளுக்கு வருஷத்தில் ஏழெட்டு தடவை போகிறேன். டிசம்பரில் சென்னைக்கு மூன்று நாள், மற்றபடி கடலூர், புதுச்சேரி, இங்கே டவுன்ஷிப்பில் நடக்கிறவை. (ஒரு இடைச்செருகல்: அரியக்குடி, செம்மங்குடி மாதிரி பழைய ஊர்ப் பெயர்கள் வித்வான்களுக்கு முன்னால் வரும். சுரங்கத்துக்காக 1950களில் எழும்பிய எங்கள் டவுன்ஷிப்பும் அந்த வரிசையில் ஏறிவிட்டது. நெய்வேலி சந்தானகோபாலனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி கிடைத்தபோது, சங்கீதம் தெரியாதவர்கள்கூட இங்கே இனிப்பு சாப்பிட்டோம்.) முன்வரிசை ஓரத்தை விட்டுவிட்டேன். அங்கே கேட்பது பாடகரை அல்ல, பக்கத்து ஸ்பீக்கரை. நடு வரிசை, நடு இடம். வலது காது நல்ல காது என்பதால் மேடைக்குச் சற்று இடப்புறமாக உட்கார்ந்தால் இன்னும் தெளிவு. மைக் இல்லாத கச்சேரி என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டு முதல் வரிசைக்கே ஓடுவேன்.

பஸ்ஸில் இயர்போன் கேட்பதுதான் என் பெரிய செலவு. சென்னை போக ஐந்து மணி நேரம். எஞ்சின் உறுமலுக்கு மேலே குரல் கேட்க வேண்டும் என்று நம்மை அறியாமல் ஏற்றிக்கொண்டே போவோம். செல்போன் எச்சரிக்கை காட்டும், விரல் அதைத் தள்ளிவிடும். இப்போது காதை நன்றாக அடைக்கிற, வெளி இரைச்சலைக் கழிக்கிற வகை வாங்கியிருக்கிறேன். உறுமல் அடங்கினால் பாதி ஒலியிலேயே ஆலாபனை முழுசாகக் கேட்கிறது. வீட்டில் இயர்போன் கிடையாது, சின்ன ஸ்பீக்கர்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். மே மாத நெய்வேலியில் இது ஒரு தவம்.

நாம் தள்ளி நின்றுகொள்ளலாம். வாசிக்கிறவர் எங்கே தள்ளி நிற்பது? தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவருக்குத் தூரம் ஒரு முழம்கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தவில்காரரிடம் என் ஆடியோகிராமைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கு இதெல்லாம் எடுத்தா பேப்பரே பத்தாது சார்" என்றார். அவர் மகனுக்குப் பத்தொன்பது வயது, ஐந்து வருஷமாக வாசிக்கிறான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வானாம். பஞ்சு கிட்டத்தட்ட ஒன்றையும் தடுப்பதில்லை. மஞ்சள் நுரை அடைப்பான்கள் தடுக்கும், ஆனால் மேல் ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடுவதால் வாசிப்பே மந்தமாகக் கேட்கும். இசைக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன, எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிப்பவை. ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்தேன். பையன் இரண்டு கல்யாணத்துக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். அடி சுத்தமாகக் கேட்கிறதாம், ஆனால் நாயனக்காரர் மெல்ல ஒரு சங்கதி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது தவறவிட்டுவிடுகிறானாம். அதனால் இப்போது நாயனம் இருக்கிற பக்கத்துக் காதைத் திறந்துவிட்டு, மற்றதில் மட்டும் மாட்டிக்கொள்கிறான். அவனை அடுத்த மாதம் சோதனைக்குக் கூட்டிப்போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டுமாம்.