கிருமியின் சாப்பாட்டுக் கணக்கு

சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மாதிரி கொடுத்தால், "ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். நமக்கு எரிச்சல் வரும். ஆனால் ஆய்வுகூடத்தார் சும்மா இருக்கவில்லை, கிருமி வளர்க்கிறார்கள். ஒற்றைக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அது பெருகிக் கோடிக்கணக்காகி, கூழின் மேல் ஒரு புள்ளியாகத் திரண்ட பிறகே தெரியும். அந்தக் கூழ் வேறொன்றுமில்லை, நோன்பு துறக்கையில் நம்ம வீடுகளில் காய்ச்சி உறையவைக்கிற கடற்பாசிதான். 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஃபனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, தம் சமையலறையில் ஜெலிக்குப் பாவித்த கடற்பாசியை விஞ்ஞானியான கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் மூலம் அது றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்குப் போனது. இன்றைக்கும் நாம் அந்தக் கூழின் வேகத்தில்தான் காத்திருக்கிறோம்.

காத்திருக்கும் நாட்களில் நோயாளி சும்மா இருக்க முடியாது. வைத்தியர் அனுபவத்தை வைத்து ஓர் அன்டிபயோட்டிக்கை ஊகித்துத் தருகிறார். பெரும்பாலும் சரிவரும். சரிவராவிட்டால் நோய் முற்றுகிறது, மருந்துக்குப் பழகிய கிருமியும் மிஞ்சுகிறது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் குருதிப் போத்தலுக்குள் கிருமி விடும் காபனீரொட்சைட்டைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் இயந்திரங்கள் உண்டுதான். அவை விலை கூடியவை, எல்லா இடத்திலும் வைக்கக் கூடியவையும் அல்ல.

கண்ணை விட்டுவிட்டு மின்சாரத்தால் கிருமியை அறியும் முயற்சிதான் சேதன இலத்திரனியல் உணரி. 'சேதனம்' என்றதும் 2021 இல் நம் நாடு பட்ட பசளைப் பாடு ஞாபகம் வரும். இது அதுவல்ல. பாடசாலையில் படித்த சேதன இரசாயனத்தின் சேதனம், அதாவது காபன் சேர்வைகள். பிளாஸ்ரிக்கும் அந்தக் குடும்பம்தான். பிளாஸ்ரிக் மின்னைக் கடத்தாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள், வயருக்கு உறை போடுவதும் அதனால்தானே. 1977 இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கை உலோகம் போலக் கடத்தவைத்தார்கள். 2000 இல் அதற்கு நொபெல் பரிசு கிடைத்தது.

இன்று உணரிகளில் அதிகம் பாவிக்கப்படுவது 'பெடொட்' என்ற பல்பகுதியம். மை போல அச்சிடலாம், நீரை உறிஞ்சும், மென்மையானது. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே இதை மெல்லிய படலமாகப் பூசி, மேலே கிருமி வளரும் திரவத்தை ஊற்றி, அதில் மூன்றாவது மின்வாய் ஒன்றை வைப்பார்கள். ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தம் போதும். திரவத்திலுள்ள அயன்கள் படலத்துக்குள் புகுந்தால் அதனூடாக ஓடும் மின்னோட்டம் குறையும். மடைக்கதவை மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். கதவை ஒரு விரல்கடை இறக்கினாலும் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடும். சிலிக்கன் திரான்சிற்றரில் மேற்பரப்பு மட்டும் வேலை செய்யும். இங்கே படலத்தின் முழுத் தடிப்பும் வேலை செய்கிறது. ஆகவே சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

சரி, கிருமி எப்படிக் கதவை இறக்கும்? சாப்பிட்டுத்தான். வெல்லத்தை உடைக்கும் எந்த உயிரும் அதிலிருந்து வரும் இலத்திரன்களை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். நாம் மூச்சில் எடுக்கும் ஒட்சிசனிடம் ஒப்படைக்கிறோம். ஒட்சிசன் தட்டுப்பட்டால் பல பற்றீரியாக்கள் கிடைத்ததில் கொட்டிவிடும். 2017 இல் வெளியான ஓர் ஆய்வில் பெடொட் பரப்பின் மேல் சல்மொனெல்லாவை வளர்த்தார்கள். வெளியிலிருந்து மின் கொடுக்காமல் விட்ட படலத்தைக்கூடக் கிருமிகள் தாமாகவே தாழ்த்திவிட்டன, அதாவது தம் இலத்திரன்களை அதற்குள் ஏற்றிவிட்டன. படலத்தின் நிறமே மாறியது! இலத்திரன் ஏறிய பெடொட் கடும் நீலமாகும். அப்படித் தாழ்ந்த படலத்தில் கிருமிப் படை வளர்ந்தது ஏறத்தாழ பாதிதான். கிருமி தன் கணக்கைத் தானே எழுதிவைத்த மாதிரி.

இதில் ஒரு நன்மை, செத்த கிருமி சாப்பிடாது என்பது. உயிரோடிருந்து பெருகுவது மட்டுமே மின்னோட்டத்தில் தெரியும். ஈ. கோலை நல்ல சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். எனவே புள்ளி தெரியும்வரை காத்திராமல், கோடு வளைகிற விதத்தைப் பார்த்தே வளர்ச்சியைச் சொல்ல இடமிருக்கிறது.

சிக்கலும் உண்டு. வந்திருப்பது எந்தக் கிருமி என்று இந்தப் படலத்துக்குத் தெரியாது. விற்றமின் சி கூடத் தன் இலத்திரனைக் கொடுத்து அதை ஏமாற்றிவிடும். இரத்தமும் சிறுநீரும் சுத்தமான திரவங்கள் அல்லவே. நாள்பட்டால் படலமும் தேயும். இவ்வகை உணரிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருப்பதற்கு இவையும் காரணங்கள்.

என் பார்வையில், கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் இந்த உணரியின் பெறுமதி கூடும். கிருமியின் பெயர் வைத்தியருக்கு வேணும்தான். ஆனால் அன்றிரவு எந்த மருந்தைக் கொடுப்பது என்பது அதைவிட அவசரம். ஒரே மாதிரியை இரண்டு படலங்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் மருந்தைச் சேர்க்கலாம். விற்றமின் சி இரண்டையும் ஒரே அளவில்தான் குழப்பும், கழித்துவிடலாம். மருந்துள்ள பக்கத்தில் கோடு படுத்துவிட்டால் அந்த மருந்து பலிக்கிறது. இரண்டு கோடுகளும் சேர்ந்தே போனால் வேறு மருந்தைப் பார்க்க வேண்டும்.