பட்டாசும் பற்றாசும்

பட்டாசில் சேர்க்கக் கூடாதவை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று ஐந்து பொருள்களைத் தடை செய்தது. லித்தியம், ஆன்டிமனி, பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றோடு காரீயமும் அதில் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மருந்துக் கலவையிலிருந்து விலக்கப்பட்ட அதே உலோகம், பெருநகரங்களின் வார இறுதி வகுப்புகளில் அழகான பொழுதுபோக்கு ஒன்றுக்காக மேசைக்கு வருகிறது. புதுச்சேரி திரு இருதய ஆலயச் சன்னல்களில் புனிதர்களாக ஒளிரும் வண்ணக் கண்ணாடி வேலைதான் அது. துண்டுகளை இணைக்கும் பற்றாசில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். பட்டாசுத் தொழில் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை இந்தக் கைவினை இனாமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அந்தப் பாடம் என்ன? கைத்திறனை நம்பாதே, இடத்தின் ஒழுங்கை நம்பு என்பதே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் இறந்தவர்கள் வேலை தெரியாததால் இறக்கவில்லை. இந்த வட்டாரத்து விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருபவை வேறு: அறைக்கு அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் நடந்த வேலை, அளவுக்கு மீறிக் குவிந்த மருந்து, உராய்வு. இரும்புக் கருவி கூடாது, பருத்தி உடைதான், கீழே ரப்பர் விரிப்பு என்ற விதிகள் எல்லாமே, மனிதன் ஒரு நாள் கவனம் தப்புவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதியவை. போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சிவகாசியில் அரசே பயிற்சி நடத்துவதும் இதற்காகத்தான்.

கண்ணாடி வகுப்பிலோ, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறார்கள். பற்றவைக்கும்போது எழும் புகையைக் கண்டு முகத்தைத் திருப்புவார்கள். காரீயம் உருகுவது 327 டிகிரியில், கொதிப்பது 1,700 டிகிரிக்கும் மேலே. பற்றவைக்கும் கோலின் சூட்டில் அது ஆவியாவது சொற்பம். அந்தப் புகை பெரும்பாலும், பற்றாசு ஒட்டுவதற்காகத் தடவும் இளக்கியினுடையது. மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும், ஆகவே காற்றோட்டம் வேண்டும். காரீயம் வருகிற வழி வேறு. விரலில் ஒட்டி, அந்த விரல் தொட்ட முறுக்கோடு வாய்க்குள் போகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் மேசையில் தின்பண்டம் வைக்காததும் விலையுயர்ந்த முகமூடியைவிடப் பெரிய காவல். கண்ணாடி ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் வற்றக் கூடாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துண்டு நறுக்கும்போது கண்ணாடிச் சில்லு கண்ணுக்குப் பாயும், அதற்குக் காப்புக் கண்ணாடி.

“பாட்டி காலம் முழுக்க ஈயச் சொம்பில் ரசம் வைத்தாளே!” என்பார்கள். அது வெள்ளீயம். பெயரில் பாதி ஒன்றாயிருப்பதால் காரீயம் அதற்குத் தம்பியாகிவிடாது. காரீயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கொண்ட காரீயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு ஈர்க்கும். எலும்பில் தங்கியது கர்ப்ப காலத்தில் வெளிவந்து கருவைச் சேரும். பொழுதுபோக்கைப் பட்டாசு ஆலையோடு ஒப்பிடுவது மிகை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. கண்ணாடி வெடிக்காது, பக்கத்து அறை இடியாது. ஆனால் மருந்து தன் ஆபத்தைச் சத்தமாகச் சொல்கிறது. காரீயம் வாயே திறப்பதில்லை, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். காரீயம் இல்லாத பற்றாசு கிடைக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. விலையும் கூடுதல், உருகும் சூடும் கூடுதல் என்றாலும், புதிதாகக் கற்பவர்களுக்கும் வீட்டில் குழந்தை உள்ளவர்களுக்கும் அதையே சொல்வேன். தூசியும் இளக்கிப் புகையும் அப்போதும் இருக்கும். இவ்வளவு சொன்னால் மாணவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சும் ஆசிரியர், கட்டணம் வாங்கிக்கொண்டு பாதிக் கலையைத்தான் கற்றுத்தருகிறார்.

வகுப்பில் சேருமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். கை கழுவும் தொட்டி எங்கே, தேநீர் எங்கே தருகிறார்கள் என்று கவனியுங்கள். பற்றாசுச் சுருளுக்குப் பக்கத்திலேயே டம்ளர் இருந்தால், பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.