கெட்டிமேளத்தில் தொலைந்த ஒரு ரூபாய்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பழைய காரில் ஆடியோ சிடி மட்டும்தான் பாடும். கம்ப்யூட்டரில் இருந்த எம்பி3 பாட்டுகளை சிடியில் ஏற்றினேன். 4 எம்பி பாட்டு 40 எம்பியைத் தாண்டிவிட்டது. அப்படியானால் தரமும் பத்து மடங்கு கூடியிருக்குமா?"

கூடாது. அணுவளவும் கூடாது.

ஆடியோ சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியே. பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். சாதாரண எம்பி3க்கு 1,28,000 போதும். பதினொன்றில் ஒரு பங்கு! மிச்சத்தை எங்கே ஒளித்தார்கள்?

கல்யாண வீட்டுக்குப் போவோம். தாலி கட்டும் நேரம் ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்!" என்கிறார். தவில் அதிர்கிறது. யாராவது தும்மினாலும், அபசகுனமாக ஏதாவது சொன்னாலும் காதில் விழக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. (உடனே 'அன்றே கண்டுபிடித்தான் தமிழன்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள்.) காதுக்குள் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் உறுப்பில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. பலத்த ஒலி தன் இடத்தை மட்டுமல்ல, பக்கத்து இடங்களையும் சேர்த்து உலுக்குகிறது. அந்த நேரத்தில் அங்கே வரும் மெல்லிய ஒலி எடுபடாது. அடி ஓய்ந்த பிறகும் சிறிது நேரம் காது மந்தமாகவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அடி விழுவதற்குச் சில மில்லிநொடி முன்னால் வந்த மெல்லிய ஒலியும் அமுங்கிவிடுகிறது. பின்னால் வந்த பலசாலி, முன்னால் வந்தவனை முந்திக்கொண்டு மூளைக்குப் போய்விடுகிறான்.

எம்பி3 இந்தப் பலவீனத்தை வைத்துப் பிழைக்கிறது. அதை மொய் எழுதுபவராக நினைத்துக்கொள்ளுங்கள். கூடம் அமைதியாக இருக்கும்போது '501' என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறார். கெட்டிமேளம் முழங்கும்போது 'ஐந்நூறு சொச்சம்' என்று கிறுக்கிவிடுகிறார். பாட்டை ஏறக்குறைய 26 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதியில் எவ்வளவு சொச்சம் போட்டால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று கணக்குப் பார்ப்பதுதான் அவர் வேலை. தோராயமாக எழுதுவதால் இரைச்சல் எழத்தான் செய்யும். அது மேளத்துக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும்.

சிடியில் ஏற்றும்போது நடப்பது, அந்த நோட்டைப் பெரிய பேரேட்டில் முத்து முத்தாகப் பிரதி எடுப்பது. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும் என்பதால் பேரேடு பத்து மடங்கு தடிமனாகிறது. சொச்சத்தில் போன அந்த ஒரு ரூபாய் திரும்புமா? மொய் வைத்த மாமாவே வந்து சண்டை போட்டாலும் திரும்பாது. அந்த சிடியிலிருந்து மறுபடி எம்பி3 எடுத்தால், 'ஐந்நூறு சொச்சம்' என்பது 'ஏதோ கொடுத்தார்' என்று ஆகும். 'இழந்த தரத்தை மீட்டுத் தருகிறோம்' என்று விற்கும் மென்பொருள்கள், மாமா முகத்தைப் பார்த்து மொய்யை ஊகிக்கிறவர்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக: எம்பி3, ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் சகாக்களும் உருவாக்கியது. '.mp3' என்ற வால் 1995இல் ஒட்டப்பட்டது. அவர்களைப் பாடாய்ப் படுத்தியது பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டு. வாத்தியமே இல்லாத தனிக் குரல். இரைச்சல் ஒளிந்துகொள்ள மேளமே கிடையாது. போதும்.

குறையைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டில் ஹெட்போனை மாட்டி, நொடிக்குக் குறைந்த பிட்டில் செய்த எம்பி3யில் ஜால்ரா முதன்முதலாக விழும் இடத்தைக் கவனியுங்கள். அடிக்குச் சற்று முன்பே 'உஸ்' என்று ஒரு பிசிறு கிளம்பும். துண்டு முழுவதும் சொச்சம் பரவியதால், மேளம் தொடங்கும் முன்பே மாட்டிக்கொண்ட திருட்டு அது.

காரில் அது கேட்காது. எஞ்சினும் டயரும் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் வழி நெடுக உங்களுக்குக் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டுதான் வரப்போகின்றன. 80 நிமிட சிடியில் நாலு நிமிடப் பாட்டு இருபது அடங்கும், ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். எம்பி3யை மட்டும் அழித்துவிடாதீர்கள்.