கல் பதித்த மோதிரம்: நிறமும் பொன்னும்

நிறக்கல் பதித்த தங்க மோதிரம் இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று உலோகம், நெருப்பில் உருகும், சுத்தியலுக்கு வளையும். மற்றொன்று படிகம், வளையாது, சூடோ அடியோ தாங்காவிட்டால் விரிசல் விடும். இரண்டின் மதிப்பும் வேறு, சோதிக்கும் முறையும் வேறு.

பொன்னின் பங்கு

தூய தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம். காற்றும் ஈரமும் வியர்வையும் அதை அரிப்பதில்லை. ஆனால் மென்மையானது. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு ஏறத்தாழ 2.5 தான். தூய தங்கத்தில் கல்லைப் பிடிக்கும் நகங்கள் செய்தால் சில மாதப் புழக்கத்திலேயே விரிந்துவிடும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். 18 காரட்டில் 750 பங்கு. 18 காரட் கூடுதல் உறுதி என்பதால் மெல்லிய நகங்கள் உள்ள மோதிரங்களுக்கு ஏற்றது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்: அலுமினியம் ஆக்சைடான குருந்தம். தூய குருந்தத்துக்கு நிறமே இல்லை. படிகம் உருவாகும்போது சில அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் அமர்ந்தால் கல் சிவக்கிறது. ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ இருந்தாலே போதும். அந்தக் குரோமியம் ஒளியின் ஊதாவையும் மஞ்சள் கலந்த பச்சையையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பை விட்டுவிடுகிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து அமர்ந்தால் அதே குருந்தம் நீலக்கல் ஆகிறது. இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள் நிறம் பெற்றுக் கனக புஷ்பராகம் ஆகிறது.

மாணிக்கத்தைச் சிவப்பாக்கும் குரோமியமே மரகதத்தைப் பச்சையாக்குகிறது என்பது வியப்பான உண்மை. மரகதம் பெரில் என்னும் வேறொரு கனிமம். அதில் குரோமியத்தைச் சூழ்ந்த அணுக்களின் பிடி சற்றுத் தளர்வு. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறிவிடுகிறது. ஆக, கல்லின் நிறத்தைத் தீர்மானிப்பவை எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையான அந்நிய அணுக்களும், அவை குடியேறிய படிகத்தின் அமைப்பும்தான்.

சேதராப்பட்டு மண்ணில் உள்ளது

இந்தக் கற்கள் எல்லா மண்ணிலும் கிடைப்பவை அல்ல. எடுத்துக்காட்டாக, புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு, கரசூர் பகுதி படிவுப் பாறைகளால் ஆனது. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை இங்கே உள்ளது. ‘கரசூர் பாறை அடுக்கு’ என்றே புவியியல் நூல்கள் அதில் ஒரு பகுதிக்குப் பெயரிட்டுள்ளன. மாணிக்கமும் நீலமும் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விளைபவை. கடலடிப் படிவில் அவை விளைவதில்லை.

இப்பகுதிக்கு உரிய கனிமம் சிலிக்கா. சில மைல் தொலைவில், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நிலத்தடி நீர் ஊறி, மர இழைகளின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்துவருகிறது.

அதே சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாகச் செறிந்து, இடையிடையே இரும்பு ஆக்சைடு கலந்து சிவந்தால் அதன் பெயர் சூதுபவளம். பழங்காலத்து முத்திரை மோதிரங்களில் அதிகம் இடம்பெற்ற கல் இதுதான். கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. நுட்பமான செதுக்கலைத் தாங்கும். சூடான மெழுகு இதில் ஒட்டாது.

அரிக்கமேட்டுக் கைவினை

சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் பழங்கால ஊரான அரிக்கமேடு இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930-களில் அங்கே மணிகளையும், மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லையும் பெற்றார். அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார். 1945-இல் மார்டிமர் வீலரும், பின்னர் ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் அங்கே அகழாய்வு செய்தனர். கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் அங்கேயே செய்யப்பட்டன என்பது தெளிவாயிற்று.

மணிகளாகும் சூதுபவளம் தோண்டி எடுக்கும்போது பெரும்பாலும் மங்கிய மஞ்சள் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். அதிலுள்ள இரும்புச் சேர்மத்தில் நீர் கலந்திருப்பதே காரணம். சுமார் 300 டிகிரி வரை மெல்லச் சூடேற்றினால் அந்த நீர் வெளியேறி, இரும்பு சிவப்பான ஹெமடைட்டாக மாறுகிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கல் வெடிக்கும். நெருப்பால் கல்லுக்கு நிறமூட்டும் இந்தக் கைத்திறம் பல ஆயிரம் ஆண்டுப் பழமையானது. அதே முறை இன்றும் தொடர்கிறது. இலங்கை இரத்தினபுரிப் பகுதியில் கிடைக்கும் பால் நிறக் குருந்தத்தை 1600 டிகிரிக்கு மேல் சூடேற்றினால், கல்லுக்குள் ஊசிகளாக இருக்கும் டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர்ந்து நீல நிறம் தருகிறது.

கொங்கு நாட்டிலும் மணித்தொழில் செழித்திருந்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பச்சைக்கல், நீலம், சூதுபவளம், படிகம் ஆகியவை அரைகுறை வேலைப்பாட்டு நிலையில் கிடைத்துள்ளன. காங்கேயம் அருகே உள்ள படியூர் பெரில் கல்லுக்குப் பேர்போனது. இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

பத்தரின் பட்டறையில்

மோதிரம் செய்யும்போது பற்றவைப்பு வேலைகள் எல்லாம் முதலில் முடிகின்றன. வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயைச் செலுத்தி வளையத்தோடு கல் அமரும் கட்டடத்தைப் பற்றவைக்கிறார்கள். கல் கடைசியில்தான் வரும். மோதிரத்தை அரக்கில் பதித்து அசையாமல் நிறுத்தி, கல்லின் இடுப்பு அமரும் அளவுக்கு உள்விளிம்பைச் சீவி எடுக்கிறார் பத்தர். பிறகு எதிரெதிர் நகங்களை மாறி மாறி அழுத்துகிறார். ஒரே பக்கமாக அழுத்தினால் கல் சாய்ந்துவிடும். கல்லின் அடிப்பக்கம் திறந்திருந்தால் ஒளி உள்ளே சென்று திரும்பும், கழுவவும் எளிது. பழைய நகைகளில் அடியை மூடி, கல்லுக்குக் கீழே பளபளக்கும் தகடு வைப்பதும் உண்டு. நனைந்தால் தகடு கறுத்து, கல்லும் மங்கித் தெரியும்.

அசலை அறிவது எப்படி?

1902-இல் பிரெஞ்சு வேதியியலர் ஒகுஸ்த் வெர்னூய், அலுமினாத் தூளைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அந்தக் கல்லும் குருந்தம்தான். கடினத்தன்மையும் அடர்த்தியும் இயற்கை மாணிக்கத்துக்குச் சமம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளோ வட்டமான குமிழ்களோ தெரியலாம். இயற்கைக் கல்லில் மெல்லிய ஊசிகளும் பிற கனிமத் துகள்களும் இருக்கும். கண்ணாடியைப் பிரித்தறிவது எளிது: மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.76, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5. விரிசல்களில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்களும் சந்தையில் உண்டு. அவற்றைப் பட்டறைத் தீயில் காட்டினால் கெட்டுவிடும்.

தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பிஐஎஸ் முத்திரை, தூய்மை அளவு, ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி ஆகியவற்றோடு மட்டுமே ஹால்மார்க் நகையை விற்கலாம். அந்தக் குறியைப் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்க முடியும். ஆனால் ஹால்மார்க் உலோகத்துக்கு மட்டுமே சான்று. கல் இயற்கையானதா, சூடேற்றப்பட்டதா, ஆய்வகத்தில் வளர்ந்ததா என்பதை அது சொல்லாது.

பராமரிப்பு

தெருப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. அதன் கடினத்தன்மை 7. கண்ணாடிக் கல் அதைவிட மென்மை என்பதால் தினசரிப் புழக்கத்தில் கீறல் விழுந்து மங்கும். மாணிக்கமும் நீலமும் 9 என்பதால் மங்குவதில்லை. முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட். புளியும் எலுமிச்சையும் அவற்றை அரித்துவிடும். மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் நிரப்புவது வழக்கம் என்பதால் அதை வெந்நீரில் போடக் கூடாது. மிதமான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் பெரும்பாலான கற்களுக்குப் போதும்.

மோதிரம் வாங்குவோர் ரசீதில் தங்கத்தின் எடையையும் கல்லின் எடையையும் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும். கல்லுக்குக் காரட் என்பது தூய்மை அல்ல, எடை அளவு: 5 காரட் கல் 1 கிராம். அது தங்கக் கணக்கில் சேர்ந்துவிட்டால், ஒரு கிராம் பொன்னின் விலையைக் கல்லுக்குக் கொடுத்ததாகிவிடும். கல் விலை உயர்ந்ததென்றால், பதிப்பதற்கு முன்பே இரத்தின ஆய்வகத்தின் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. நிறம் அழகைச் சொல்லும்; கல் எது என்பதை ஆய்வகமே சொல்லும்.