கிண்ணியாவின் பெயரும் கணினியும்

கிண்ணியா என்னும் ஊர்ப்பெயரைப் பாமினி எழுத்துருவிலே பொறித்தால் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் ஏட்டிலோ எஃப், பி, இசட் முதலிய ஆங்கில எழுத்துக்களே பதிகின்றன! ஈழத்திலே இவ்வாறு சேர்ந்த பாடக்குறிப்புகளும் சொற்பட்டியல்களும் பல. மென்பொருளைத் தமிழாக்குவோர் அவற்றை யுனிகோட் முறைக்கு மாற்றியாக வேண்டும்.

இதற்கு ஒரு சிறு நிரல் எழுதுவது மாணவர்க்கும் இயல்வதே. ஆயினும் ஒழுங்கு தவறலாகாது. கிண்ணியாவை அடுத்த கொட்டியாரக் குடாவின் பெயரைப் பாருங்கள். பாமினியில் கொம்பு முன்னே, ககரம் நடுவே, அரவு பின்னே. யுனிகோட்டில் ககரமே முதலாவது. ஆகவே அம்மூன்றையும் ஒருசேரக் 'கொ' என மாற்றிய பின்னரே தனிக் ககரத்தைத் தொடல் வேண்டும். இன்றேல் கொம்பு அநாதையாக நிற்கும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தமிழாக்கக் கோப்பிலே ஆங்கிலத் தொடரும் தமிழ்த் தொடரும் அடுத்தடுத்து நிற்கும். நிரல் கண்மூடி ஓடினால் ஆங்கிலமும் 'தமிழாகி'விடும்! தமிழ்த் தொடருக்குள்ளேயும், பயனரின் பெயர் வந்தமரும் இடத்தைக் காட்ட விழுக்காட்டுக் குறியும் எஸ் எழுத்தும் இருப்பதுண்டு. பாமினியில் எஸ் என்பது ளகரம். அது மாறிவிட்டால் திரையிலே பெயர் வாராது. அக்குறிகளை முதலில் ஒதுக்கிவைத்து, எஞ்சியதை மாற்றியபின் மீண்டும் உரிய இடத்திற் சேர்ப்பதே நாம் கைக்கொள்ளும் வழி. மூலக் கோப்பின் படியொன்றையும் பத்திரப்படுத்துவோம்.