ஆசிரியர் பேச்சும் மாணவர் மௌனமும்

"எல்லாருக்கும் புரிந்ததா?" என்று ஆசிரியர் வினவுகிறார். "புரிந்தது, ஐயா!" என்று வகுப்பு ஒரே குரலில் முழங்குகிறது. உண்மையில் எத்தனை பேருக்குப் புரிந்தது? பள்ளியிலும் கல்லூரியிலும், ஏன், நம் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலுங்கூட நாம் காணும் காட்சி இது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இக்கேள்வி மிகுந்த பொருளுடையது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர்கள் தொழில் நகரங்களாயின. தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுகளில் உழைக்கும் இல்லங்கள் பெருகின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகளும் இங்கே வளர்கின்றனர். வகுப்பில் விளங்காததை வீட்டில் கேட்டுத் தெளிய இப்பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறைவு. வகுப்பறையில் தவறவிட்டதை அவர்கள் வேறெங்கே பெறுவர்?

இதற்கு வழிதேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென இருந்த இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குரு. நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர் இசையவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் வென்றான்! பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறை 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. பின்னாளில் அது வெறும் மனப்பாடப் பயிற்சியாகச் சுருங்கியது உண்மையே. ஆயினும், பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவனே தானும் தெளிவாகக் கற்கிறான் என்னும் உண்மை பொய்க்கவில்லை.

நம் காலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைவழிக் கல்வியைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் அது தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். முறைகள் காலத்துக்கேற்ப மாறலாம். குழந்தையின் அருகே இறங்கி வரும் மனம் மாறலாகாது.

பிரான்சு நாட்டில் புனித தெலசால் அருளப்பர் ஏழைச் சிறுவருக்கு இலத்தீனை விடுத்துத் தாய்மொழியில் வாசிக்கக் கற்பித்தார். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இல் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். தமிழறியாப் பிள்ளை வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருக்கையில் இப்புனிதரை நாம் நினைவுகூர வேண்டாமா?

நம் ஆண்டவரே போதிக்கும் கலையின் பேராசான். நல்ல சமாரியர் உவமையைக் கூறியபின் அவர் விடையைத் தாமே சொல்லிவிடவில்லை. காயமுற்றவனுக்கு அயலான் யார் என வினவி, சட்ட அறிஞரின் வாயாலேயே விடையை வருவித்தார்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே! வினா எழுப்பியதும் நீங்களே விடை கூறிவிடாதீர்கள். சில விநாடி பொறுத்திருங்கள். முன்வரிசைக் கைகளை மட்டும் பாராது, கடைசி வரிசையையும் நோக்குங்கள். பாட முடிவில், "புரிந்ததா?" என்பதற்கு மாறாக, "உன் சொந்தச் சொற்களில் கூறு" என்று கேளுங்கள். தவறான விடையை எள்ளி நகையாடாதீர்கள். எங்கே தடம் மாறிற்று என்று காட்டுவது அதுவே. விளங்கியவனை விளங்காதவன் அருகே அமர்த்துங்கள்.

பெற்றோர்களே! ஷிப்டு முடிந்து களைத்து வரும் உங்களால் பாடம் நடத்த இயலாது போகலாம். ஆனால் பத்து நிமிடம் மாணவராக அமர இயலும். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று கற்றதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். எழுத்தறியாத் தாயும் இவ்வகையில் தன் பிள்ளையின் கல்விக்குத் துணை நிற்கலாம். பிள்ளை வாய் திறந்து பேசட்டும். கல்வி அங்கேதான் தொடங்குகிறது.